அக்கா திரும்பி வரவேண்டுமா?

நம் பள்ளியில் படித்து, பின்னர் கல்லூரியிலும் பட்டம் பெற்ற அக்கா ஒருவர் சென்ற செப்டம்பர் மாதம் ஜெர்மனி நாட்டுக்குப் புறப்பட்டபோது, பன்னிரண்டாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அவரைக் காலைக் கூட்டத்தில் மேடையேற்றி, மாலை அணிவித்து, கைதட்டி வழியனுப்பி வைத்தோம். அவர் சம்பளத்துக்குப் போகவில்லை. அங்கே ஒரு சிறிய ஊரிலுள்ள முதியோர் இல்லத்தில் ஓராண்டு தொண்டு செய்யப் போனார். அன்று நாங்கள் வாசித்த வாழ்த்துரையில், "இருளடைந்த உள்ளங்களில் ஒளியேற்றச் செல்கிறார்" என்று ஒரு வாக்கியம் இருந்தது. அதை எழுதியவர்கள் நாங்களே ஆகையால், இப்போது அதைப் பற்றிச் சற்று வெட்கத்தோடு பேசும் உரிமையும் எங்களுக்கு உண்டு.

இது எப்படிக் கிடைத்தது என்று பெற்றோர் பலர் கேட்டார்கள். ஜெர்மன் அரசின் பொருளாதார ஒத்துழைப்பு அமைச்சகம் 2008-இல் 'வெல்ட்வெர்ட்ஸ்' என்ற பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. 18 முதல் 28 வயது வரையுள்ள தம் நாட்டு இளைஞரைத் தொண்டுக்காக வெளிநாடுகளுக்கு அனுப்புவது அதன் வேலை. எப்போதும் நாமே போய்க்கொண்டிருந்தால் போதுமா, அவர்களும் இங்கே வரட்டுமே என்று 2013 முதல் நம்மைப் போன்ற நாடுகளின் இளைஞருக்கும் அங்கே இடம் கொடுத்து வருகிறார்கள். உணவு, தங்குமிடம், காப்பீடு, கொஞ்சம் கைச்செலவுப் பணம், ஆண்டுக்கு 25 நாள் பயிற்சி வகுப்பு. அவ்வளவுதான். சேமித்து வீட்டுக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது. ஜெர்மனி என்றவுடன் சில வீடுகளில் சங்கிலி, வளையல் என்று பேச்சு எழுந்ததாகக் கேள்விப்பட்டோம். அதனால்தான் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறோம்.

பள்ளிக்குள் கைபேசிக்கு அனுமதி இல்லை. ஆகவே அக்கா எங்களுக்குத் தாளிலேயே எழுதி, தபாலில் அனுப்பினார். முதற் கடிதம் முழுவதும் மகிழ்ச்சி. ஆப்பிள் மரங்கள், ஞாயிற்றுக்கிழமை கடைகள் எல்லாம் மூடியிருக்கும் விந்தை, காலி பாட்டிலைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் காசு கொடுக்கும் இயந்திரம் என்று நான்கு பக்கம் எழுதியிருந்தார். (ஜெர்மன் ரயில் நேரம் தவறாது என்று நாம் கேட்டிருக்கிறோம் அல்லவா? அது மட்டும் கட்டுக்கதையாம்.) இரண்டாம் கடிதம் நவம்பர் இறுதியில் வந்தது. அது ஒரே பக்கம். அவர் தாயார் மூலம் அக்காவின் இசைவு பெற்றே அதிலுள்ளதை இங்கே எழுதுகிறோம்.

"என்னால் இங்கே யாருக்கும் பயன் இல்லை. எல்லாரும் மரியாதையாக இருக்கிறார்கள். யாருக்கும் நான் தேவைப்படவில்லை. மேசையில் கரண்டி வைக்கிறேன். பக்கம் மாற்றி வைத்துவிட்டேன் என்று இன்னொருவர் வந்து திருப்பி வைக்கிறார். மாலை நான்கரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. ஆறு மணிக்குக் குளிர்ந்த ரொட்டியும் பாலாடைக்கட்டியும் தின்றுவிட்டு அறைக்கு வந்தால், பேச ஆள் இல்லை. கிறிஸ்மஸுக்குள் வந்துவிடலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?"

இந்தக் கேள்விதான் இக்கட்டுரைக்குக் காரணம். எங்கள் வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. "பாவம், வந்துவிடட்டும்" என்றது ஒரு பாதி. "மாலை போட்டு அனுப்பியாயிற்று, பாதியில் வந்தால் பள்ளிக்கு என்ன மரியாதை?" என்றது மறு பாதி. இரண்டுமே தவறான பேச்சு என்பது எங்கள் இன்றைய கருத்து. அதற்கு வந்து சேர எங்களுக்கு மூன்று வாரம் பிடித்தது.

அக்காவின் மனம் உடைந்ததற்குக் கரண்டி காரணமன்று. அந்த இல்லத்தில் எண்பத்தாறு வயதான அம்மையார் ஒருவர் இருக்கிறார். அக்கா அவருக்குக் கைகொடுத்து நடத்திச் செல்கையில், வாஞ்சையோடு 'ஓமா' என்று கூப்பிட்டிருக்கிறார். அவர்கள் மொழியில் அதற்குப் பாட்டி என்று பொருள். நாம் பேருந்தில் முன்பின் தெரியாத ஒரு முதியவளைக்கூடப் 'பாட்டி, இப்படி உட்காருங்கள்' என்கிறோம். அதைவிட மரியாதையும் அன்பும் கலந்த சொல் நமக்கு வேறில்லை. அந்த அம்மையாரோ கையை உதறிக்கொண்டு நின்றுவிட்டாராம். "நான் உனக்குப் பாட்டி அல்ல. எனக்குப் பெயர் இருக்கிறது" என்றாராம். அங்கே பெயருக்கு முன்னால் 'ஃப்ராவ்' என்று சேர்த்துத்தான் பெரியவர்களை அழைக்க வேண்டும். நம்முடைய 'நீங்கள்' போல அவர்களுக்கு 'ஸீ', நம்முடைய 'நீ' போல 'டூ' என்று இருக்கிறது. அது அக்காவுக்குத் தெரியும். பரீட்சையே எழுதித் தேறியவர். ஆனால் பாட்டி என்ற சொல் ஒருவரைச் சிறுமைப்படுத்தும் என்பதை எந்தப் பாடப்புத்தகம் சொல்லித் தரும்? முதுமையில் ஒருவரிடம் வீடும் போய், நடையும் போய், மிஞ்சியிருப்பது அவருடைய பெயர்தான். அதையும் எடுத்துவிட்டு 'பாட்டி' என்று பொதுப்பெயர் சூட்டுவது அங்கே அவமரியாதை. அன்றிரவு முழுவதும் அழுததாக அக்கா எழுதியிருந்தார்.

இதைப் படித்தபோது எங்களுக்கு அந்த அம்மையார் மீது கோபம்தான் வந்தது. கடிதத்தின் அடியில் இன்னொன்றும் இருந்தது: "இங்கே பிள்ளைகள் பெற்றோரைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்." இந்த வரியைக் கண்டதும் எங்களுள் சிலருக்கு உள்ளூர ஒரு மகிழ்ச்சி. கூட்டுக் குடும்பம், தமிழர் பண்பாடு என்று ஒரு பேச்சுப் போட்டிக்கு வேண்டிய செய்தி அத்தனையும் அதில் இருக்கிறதே! கடிதத்தைக் காலைக் கூட்டத்தில் வாசிப்பது என்றுகூடத் தீர்மானித்துவிட்டோம். சிஸ்டர் தடுத்தார். ஏன் என்று அப்போது சொல்லவில்லை. நூலகத்துக்குப் போய், 1961-ஆம் ஆண்டில் நைஜீரியாவில் ஒரு தபால் அட்டையால் என்ன நேர்ந்தது என்று தேடிப் படிக்கச் சொன்னார்.

படித்தோம். அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கென்னடி 1961 மார்ச் 1 அன்று 'பீஸ் கோர்' என்னும் சமாதானத் தொண்டர் படையை அமைத்தார். இளைஞர்கள் இரண்டாண்டு காலம் வேறு நாட்டுக்குப் போய், அந்நாட்டு மக்களைப் போலவே எளிமையாக வாழ்ந்து வேலை செய்ய வேண்டும். அவ்வாண்டு இலையுதிர் காலத்தில் ஒரு குழு, சுதந்திரம் பெற்று ஓராண்டே ஆகியிருந்த நைஜீரியாவில் இபாதான் பல்கலைக்கழகக் கல்லூரிக்குப் பயிற்சிக்காக வந்து சேர்ந்தது. அதில் மார்ஜரி மிக்கெல்மோர் என்ற 23 வயதுப் பெண் ஒருவர். கல்லூரிப் படிப்பில் சிறந்தவர், ஆர்வம் மிக்கவர். வந்த சில வாரங்களுக்குள் ஊரிலிருந்த நண்பருக்கு ஒரு தபால் அட்டை எழுதினார். மக்கள் தெருவிலேயே சமைக்கிறார்கள், தெருவிலேயே விற்கிறார்கள் என்று தாம் கண்டு திகைத்ததையெல்லாம் சற்றுக் கடுமையான சொற்களில் எழுதினார். அட்டை தபாலில் சேருமுன் கைதவறி விழுந்தது. அதை ஒரு மாணவர் கண்டெடுத்தார். படியெடுத்து விடுதி முழுவதும் விநியோகித்துவிட்டார்கள். கண்டனக் கூட்டங்கள் நடந்தன. இவர்கள் தொண்டர்கள் அல்ல, ஒற்றர்கள் என்றார்கள். உலகச் செய்தித்தாள்களிலெல்லாம் அது பரவியது. அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டு, நாடு திரும்ப நேர்ந்தது.

எங்களுக்கு அவர்மீது இரக்கமே உண்டாகிறது. அவர் பொய் எழுதவில்லை. கண்ணால் கண்டதைத்தான் எழுதினார். ஆனால் ஒரு மாதத்துக்குள் கண்டதை எழுதினார். தெருவில் சமைத்து விற்பவள் அந்த வருமானத்தில்தான் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறாளோ என்னவோ, அதைக் காண ஒரு மாதம் போதாது. அவரோடு வந்தவர்கள் திரும்பிவிடவில்லை. கேலியையும் ஒதுக்குதலையும் தாங்கிக்கொண்டு பயிற்சியை முடித்து, பள்ளிகளுக்குப் போய்ப் பாடம் நடத்தினார்கள். அவர்களைப் பற்றித்தான் செய்தித்தாள் எழுதவில்லை.

அக்காவின் கடிதத்தைக் காலைக் கூட்டத்தில் வாசித்திருந்தால், நாங்களும் ஓர் அட்டையைப் படியெடுத்து விநியோகித்தவர்களாகவே ஆகியிருப்போம். டிசம்பரில் அவர் தம் தாயாருக்கு எழுதியது இது: இல்லத்திலுள்ள ஓர் அம்மையாரின் மகள் நாள்தோறும் மூன்று மணிக்கு, காபியும் கேக்கும் கொடுக்கும் வேளையில், சைக்கிளில் வந்து தாய்க்குத் தலைவாரிவிட்டுப் போகிறாராம். செப்டம்பர் முதல் அவர் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறார். அக்காவுக்கு அவ்வேளையில் சமையற்கட்டில் வேலை, பார்க்கவில்லை.

இனி, "யாருக்கும் நான் தேவைப்படவில்லை" என்ற புலம்பலுக்கு வருவோம். இது வெறும் மனச்சோர்வு அன்று. உண்மை! ஜெர்மனியில் கட்டாய இராணுவ சேவை 2011-இல் நிறுத்தி வைக்கப்பட்டது. அதுவரை இராணுவத்துக்குப் போக மனமில்லாத இளைஞர்கள் அதற்கு மாற்றாக மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் வேலை செய்தார்கள். அது நின்றதால் அதே ஆண்டு தொண்டர் சேவைக்கென்று ஒரு சட்டம் இயற்றினார்கள். அச்சட்டப்படி, சம்பளம் பெறும் ஊழியர் ஒருவரின் இடத்தைத் தொண்டர் பிடித்துக்கொள்ளக் கூடாது. அவர் செய்ய வேண்டியது துணைப்பணி மட்டுமே. அதாவது அக்கா இல்லாவிட்டாலும் அந்த இல்லம் நடக்கும், நடக்க வேண்டும். எங்களுக்கு இது முதலில் அதிர்ச்சியாக இருந்தது. பின்னர் யோசித்தபோது, இதைவிட நேர்மையான ஏற்பாடு இல்லை என்று தோன்றிற்று. மொழி அரைகுறையாகத் தெரிந்த, செவிலியர் பயிற்சி இல்லாத, இருபத்தொரு வயதுப் பெண் ஒருத்தி வந்து இறங்காவிட்டால் நடக்காது என்னும் நிலையில் ஓர் இல்லம் இருந்தால், அங்கே உள்ள முதியவர்களின் கதி என்ன?

அப்படியானால் எதற்குப் போவது என்று எங்கள் வகுப்பில் ஒருத்தி கேட்டாள். நல்ல கேள்வி. அதற்கு விடையாக எங்களுக்குக் கிடைத்தவர் ஒரு கிழவி. (கிழவி என்று எழுதுகையிலேயே அந்த அம்மையாரின் உதறிய கை நினைவுக்கு வருகிறது. ஆகவே திருத்தி, லில்லியன் கார்ட்டர் அம்மையார் என்று எழுதுகிறோம்.)

1977 முதல் 1981 வரை அமெரிக்கக் குடியரசுத் தலைவராயிருந்த ஜிம்மி கார்ட்டரின் தாயார் அவர். 1898-இல் பிறந்தவர். செவிலியர். கணவரை இழந்தவர். 1966-ஆம் ஆண்டு, தமது 68-ஆம் வயதில், அதே பீஸ் கோரில் சேர்ந்தார். சிகாகோவில் மூன்று மாதம் பயிற்சி. பிறகு நம் நாட்டுக்கு, பம்பாய்க்கருகே விக்ரோலியில் இருந்த கோத்ரெஜ் தொழிலாளர் குடியிருப்புக்கு அனுப்பப்பட்டார். இவ்வளவு அனுபவம் உள்ள செவிலியருக்கு வந்தவுடன் மருந்தகத்தில் வேலை கொடுத்திருப்பார்கள் என்றுதானே எண்ணுவீர்கள்? இல்லை. அரசின் குடும்ப நலத் திட்டப் பிரசார வேலையைக் கொடுத்தார்கள். அவருக்கு அது பிடிக்கவில்லை; அவர் மனம் அதில் ஒட்டவேயில்லை. வீட்டுக்கு எழுதிய கடிதங்களில் தனிமையும் ஏக்கமும் மறைவின்றி இருந்தன. அக்கடிதங்கள் 1977-இல் நூலாகவும் வெளிவந்தன. ஆயினும் அவர் மூட்டை கட்டவில்லை. நாளடைவில் மருந்தகத்தில் மருத்துவருக்குத் துணையாக நின்று, தொழுநோயாளர்க்கும் மற்ற ஏழைகளுக்கும் தொண்டு செய்யலானார். ஏறக்குறைய 21 மாதம் இங்கே இருந்தார். எழுபதாவது பிறந்தநாளும் விக்ரோலியில்தான். 1977 பிப்ரவரியில் நம் குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமது மறைந்தபோது, இறுதிச் சடங்குக்கு அமெரிக்காவின் சார்பில் வந்தவரும் அவரே.

அவர் வீரத்தைப் புகழ இதை எழுதவில்லை. அரை ஆயுளைச் செவிலியாகக் கழித்தவருக்கே தம் இடம் எது என்று தெரிய மாதங்கள் சென்றன என்றால், அக்கா பத்து வாரத்தில் தன்னை உதவாக்கரை என்று தீர்மானித்துக்கொள்ளலாமா? அன்னை தெரேசாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1929 முதல் நம் நாட்டில் வாழ்ந்து, ஆசிரியையாகவும் பணியாற்றி, வங்காளமும் கற்றிருந்தவர். 1948-இல் லொரேட்டோ மடத்தைவிட்டு வெளியே வந்தவுடன் அவர் நேரே சேரிக்குப் போகவில்லை. பாட்னாவில் மருத்துவ மிஷன் சகோதரியரிடம் போய், கட்டுக்கட்டவும் ஊசி போடவும் கற்றுக்கொண்டு அதன்பிறகே கல்கத்தா திரும்பினார். பத்தொன்பது ஆண்டு இருந்தவருக்கும் மறுபடி மாணவியாக வேண்டியிருந்தது.

ஆகவே எங்கள் கருத்து இது: வெளிநாட்டுக்குத் தொண்டுக்குப் போகிறவருக்கு முதல் மூன்று, நான்கு மாதங்களில் கொடுப்பதற்கு ஒன்றும் இராது. அக்காலத்தில் அவர் வாங்கிக்கொள்பவர். பிறர் பொறுமையை வாங்கிக்கொள்கிறார். பிறர் நேரத்தை வாங்கிக்கொள்கிறார். ஒருவர் கரண்டியைத் திருப்பி வைக்கும் ஒவ்வொரு முறையும் அந்த இல்லம்தான் அக்காவுக்குத் தொண்டு செய்கிறது. நமக்கு இது கசக்கிறது. ஏனெனில் நாட்டு நலப்பணித் திட்ட முகாம் என்றாலும், செஞ்சிலுவைச் சங்கம் என்றாலும், கொடுப்பவர் மேலே, பெறுபவர் கீழே என்றே நாம் பழகிவிட்டோம். 'ஒளியேற்றச் செல்கிறார்' என்று எழுதத் தெரிந்த எங்களுக்கு, 'கற்கச் செல்கிறார்' என்று எழுதத் தோன்றவில்லை. அக்காவின் மனத்தை அந்த அம்மையார் மட்டும் உடைக்கவில்லை. எங்கள் வாழ்த்துரைக்கும் அதில் பங்கு உண்டு. அத்தனை பெரிய வாக்கியத்தைச் சுமந்துகொண்டு போனவர், அங்கே போய்க் கரண்டி வைத்தால் எப்படி இருக்கும்?

பெற்றோர் ஒருவர் எங்களிடம் கேட்டதையும் மறைக்காமல் சொல்கிறோம். "இங்கே முதியோர் இல்லை என்றா விமானம் ஏறிப் போனாள்?" இதற்கு எங்களிடம் முழுமையான விடை இல்லை. வாயை அடைப்பதற்காகவாவது போவோம் என்று, நாங்கள் ஆறு பேர் சிஸ்டரின் அனுமதியோடு நம் ஊர் முதியோர் இல்லத்துக்கு மூன்று சனிக்கிழமை போய்வந்தோம். முதல் நாள் எல்லாரையும் 'பாட்டி, பாட்டி' என்று கூப்பிட்டுக்கொண்டு, பாட்டுப் பாடி, வாழைப்பழம் கொடுத்து வந்தோம். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டாம் சனிக்கிழமைதான் மூலைக் கட்டிலில் இருந்தவர் எங்களுள் ஒருத்தியைக் கூப்பிட்டு, தாம் முப்பத்திரண்டு ஆண்டு ஆசிரியையாக இருந்ததாகவும், தம்மை 'டீச்சர்' என்று கூப்பிட்டால் நன்றாயிருக்கும் என்றும் மெல்லச் சொன்னார். முதல் நாளே அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. நாம் அவ்வளவு உற்சாகமாகப் பாடிக்கொண்டிருந்தோம்! ஜெர்மனியில் அந்த அம்மையார் கையை உதறிச் சொன்னதை இவர் ஒரு வாரம் அடக்கி வைத்திருந்து சொன்னார். அந்த டீச்சரிடம் இப்போது எங்களுள் இருவர் ஆங்கில இலக்கணம் படிக்கிறார்கள்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். என்ன நடந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்பது எங்கள் வாதம் அன்று. உணவு ஒழுங்காகக் கிடைக்கவில்லை, கடவுச்சீட்டைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள், யாரேனும் தகாத முறையில் நடந்துகொண்டார்கள், உடல் தேறவில்லை என்றால் அன்றே பொறுப்பாளரிடம் சொல்ல வேண்டும். தேவையானால் அடுத்த விமானத்தில் திரும்பிவிட வேண்டும். அதில் வெட்கம் இல்லை. பள்ளியின் மரியாதை என்று பேசிய எங்கள் பாதி வகுப்பார் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறார்கள். அக்காவிடம் இவற்றையெல்லாம் வெளிப்படையாகவே கேட்டோம். எதுவும் இல்லை, தனிமைதான் என்றார். தனிமை சிறிய துன்பம் அன்று. ஆனால் அது வேறு வகைத் துன்பம்.

அனுப்பிவைத்த நமக்கும் ஒரு வேலை இருக்கிறது. "அங்கே என்ன சாதித்தாய்? போட்டோ அனுப்பு" என்று கேட்பதை ஆறு மாதத்துக்காவது நிறுத்திவைக்கலாம். எங்கள் முதல் பதில் கடிதத்தில் நாங்கள் கேட்டதே பள்ளி இதழில் போடுவதற்கு முதியவர்களோடு எடுத்துக்கொண்ட படம்தான். அவர்கள் அறையிலிருக்கும்போது கதவைத் தட்டாமல் உள்ளே போவதுகூடத் தவறு என்று அக்கா எழுதியிருந்தார்; நாங்கள் படம் கேட்டோம்! இவ்விதழில் அப்படம் ஏன் இல்லை என்று வியப்பவர்களுக்கு இதுவே காரணம்.

டிசம்பர் இரண்டாம் வாரம் பதில் எழுதினோம். திரும்பி வரவேண்டாம் என்றும் எழுதவில்லை, வா என்றும் எழுதவில்லை. வாழ்த்துரையில் எழுதிய வாக்கியத்துக்கு மன்னிப்புக் கேட்டோம். லில்லியன் கார்ட்டர் அம்மையாரைப் பற்றி ஒரு பக்கம் எழுதினோம். மார்ச் வரை உங்களிடமிருந்து ஒரு சாதனையும் எதிர்பார்க்கமாட்டோம், தினமும் புதிதாகக் கற்ற ஒரு சொல்லை மட்டும் எழுதி வையுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். கூடவே, அந்த அம்மையாரின் முழுப்பெயரை எழுதியனுப்பும்படியும் கேட்டிருந்தோம். அவர் நலத்துக்காக வேண்டிக்கொள்வதானாலும் 'ஒரு பாட்டி' என்று சொல்லக்கூடாது அல்லவா?

இதழ் அச்சுக்குப் போகும் இந்நாள்வரை எங்களுக்குப் பதில் வரவில்லை. கிறிஸ்மஸுக்கு அக்கா வரவில்லை. சென்ற வாரம் அவருடைய தாயார் பள்ளி அலுவலகத்துக்கு வந்திருந்தார். மகள் கேட்டிருக்கிறாள் என்று, கம்பளி நூலில் ஒரு மஃப்ளர் பின்னுவதற்கு நம் தையல் ஆசிரியையிடம் கணக்குக் கேட்டுக்கொண்டிருந்தார். யாருக்கென்று நாங்கள் கேட்டோம். ஏதோ ஃப்ராவ் என்று ஆரம்பிக்கிற பெயர், தமக்கு வாயில் நுழையவில்லை என்றார்.